சூரியனைத் தேட வேண்டாம், மணி பார்த்தால் போதும்

நாலு எல்டிஆர், ரெண்டு சர்வோ மோட்டார், ஒரு ஆர்டுயினோ, மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் பேனல். மொபைல் டார்ச் அடிச்சா பேனல் அந்தப் பக்கம் திரும்பும். எந்த காலேஜ் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் இந்த சோலார் டிராக்கர் ஏதாவது ஒரு டேபிளில் இருக்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதையே மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் நிஜ வெயிலில் வெச்சா என்ன ஆகும்? அது சாப்பிடுற கரண்டைக் கழிச்ச பிறகு கையில் ஏதாவது மிஞ்சுமா? இதை எக்ஸ்போவில் யாரும் கேட்கிறதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

நாங்க மூணு பேர் சேர்ந்து கோபாலபுரத்தில் எங்க வீட்டு மாடியில் ஒரு டிராக்கர் கட்டினோம். அதனால கீழே வர்ற கணக்கெல்லாம் சென்னைக்கு, அதாவது 13 டிகிரி வட அட்சரேகைக்கு. கோவை, மதுரைக்காரங்க ரெண்டு மூணு டிகிரி கழிச்சுக்கலாம்.

முதல்ல, எதுக்காகத் திருப்பணும்? பேனல் மேல வெயில் நேரா விழுந்தா முழு பலன். சாய்வா விழுந்தா, அந்தச் சாய்வுக் கோணத்தோட கொசைன் அளவுதான் கிடைக்கும். சென்னையில் வழக்கமா பேனலைத் தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்ச்சு நிலையா வெச்சிடுவாங்க. மார்ச் 21 மாதிரி பகலும் இரவும் சமமா இருக்கிற ஒரு நாளில், நண்பகலில் அது முழு வெயிலையும் வாங்கும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது. அப்போ நண்பகலுக்கு 3 மணி நேரம் முன்னாடி கோணம் 45 டிகிரி, கிடைக்கிறது 71 சதவீதம். நண்பகல் கழிச்சு 4 மணி நேரத்தில் 60 டிகிரி, கிடைக்கிறது சரியா பாதி. பேனலைச் சூரியனோடு திருப்பினா இந்த ரெண்டு நேரத்திலும் முழுசு. காற்றே இல்லாத ஒரு உலகத்தில், 12 மணி நேரப் பகலுக்கு இதைத் தொகையிட்டுப் பாருங்க: நிலையான பேனலுக்கு 7.64 மணி நேர முழு வெயில், திரும்புற பேனலுக்கு 12. விகிதம் பை வகுத்தல் 2, அதாவது 57 சதவீதம் அதிகம்.

இந்த 57-ஐ அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிடாதீங்க. நம்ம தலைக்கு மேல காற்று இருக்கு. காலையிலும் மாலையிலும் வெயில் நிறைய காற்றைத் துளைச்சு வரணும், அதனால அந்த நேரத்து வெயிலே மெலிசு. போதாததுக்கு சென்னை கடலோர ஊர். ஈரப்பதமும் புழுதியும் சேர்ந்து ஒளியைச் சிதறடிச்சு, வானம் முழுக்கப் பரவின வெளிச்சமா அனுப்பும். பரவின வெளிச்சத்துக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் லாபம் இல்லை. இதெல்லாம் போக, ஒற்றை அச்சு டிராக்கருக்குப் பொதுவா சொல்லப்படுகிற லாபம் 15-லிருந்து 25 சதவீதம். நம்ம ஊருக்கு நான் 15-ஐத்தான் எடுத்துக்குவேன்.

அதுக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. டிராக்கர் சம்பாதிக்கிறது எல்லாம் காலையிலும் மாலையிலும்தான். நண்பகலில் அதுவும் சாதா பேனலும் ஒண்ணு. கோபாலபுரத்தில் தெருவுக்குத் தெரு பழைய தனி வீடுகளை இடிச்சிட்டு, கீழே பார்க்கிங், மேலே நாலு மாடின்னு எழுப்பிட்டு இருக்காங்க. உங்க மாடிக்குக் கிழக்கில் அப்படி ஒண்ணு வந்தா காலை வெயில் போச்சு. மேற்கில் வந்தா மாலை வெயில் போச்சு. ரெண்டு பக்கமும் வானத்தில் 30 டிகிரி வரைக்கும் கட்டடம் மறைச்சா, காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் கழிஞ்சு 8 மணி நேரம்தான் மிஞ்சும். காற்றில்லாத உலகத்துக் கணக்கிலேயே 57 சதவீதம் அப்போ 21 ஆகிடுது. 45 டிகிரி வரை மறைச்சா வெறும் 11. உங்க பேனலிலிருந்து 6 மீட்டர் தள்ளி, பேனலை விட 6 மீட்டர் உயரமா ஒரு சுவர் இருந்தாலே அது 45 டிகிரி. அதனால சாமான் வாங்கப் போறதுக்கு முன்னாடி மாடிக்குப் போங்க. போனில் இருக்கிற கோணம் பார்க்கிற ஆப்பை வெச்சு, கிழக்கிலும் மேற்கிலும் கட்டடம் எத்தனை டிகிரி ஏறி நிக்குதுன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் 40-ஐத் தாண்டினா, டிராக்கர் யோசனையை அங்கேயே விட்டுடலாம்.

எத்தனை மோட்டார் வேணும்?

எக்ஸ்போ டிராக்கர்கள் ரெண்டு அச்சில் திரும்பும். கிழக்கு மேற்கா ஒண்ணு, வடக்கு தெற்கா ஒண்ணு. சென்னையில் சூரியன் வடக்கு தெற்காவும் நிறைய நகருதுங்கிறது உண்மை. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி நண்பகலில் அது நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள்னு பள்ளிப் பசங்களை வெச்சு கம்பு நட்டுக் காட்டுறாங்களே, அதுதான். அந்த ரெண்டு தேதிக்கும் நடுவில் ஏறக்குறைய நாலு மாசம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். டிசம்பர் 21-ல் உச்சியிலிருந்து தெற்கே 36 டிகிரிக்கு மேல இறங்கிடும்.

ஆனா இந்த வடக்கு தெற்கு ஆட்டம் நடக்க ஆறு மாசம் ஆகுது. இதுக்கு ஒரு மோட்டார் தேவையா? தேவையில்லாம பண்ண ஒரு வழி இருக்கு. பேனல் சுத்துற குழாயை வடக்கு தெற்கா வைங்க, ஆனா படுக்கையா வைக்காம வடக்கு முனையை 13 டிகிரி தூக்கி வைங்க. ஒன்றரை மீட்டர் குழாய்க்கு இது 34 செ.மீ. உயரம்தான், நாலு செங்கல் அடுக்குற வேலை. இப்போ உங்க குழாய் பூமியோட அச்சுக்கு இணையா இருக்கு. பூமி ஒரு பக்கம் சுத்துறதை, குழாய் எதிர்ப்பக்கம் அதே வேகத்தில் சுத்தி ஈடு கட்டுது. எல்லா நாளும் மணிக்கு 15 டிகிரி, வேற எந்தக் கணக்கும் கிடையாது. வருஷத்தின் மோசமான நாளில், அதாவது ஜூன் 21-லும் டிசம்பர் 21-லும், சூரியன் பேனலின் நேர்கோட்டை விட்டு 23.4 டிகிரி விலகி இருக்கும். நஷ்டம் 8 சதவீதம். வருஷம் முழுக்க சராசரி எடுத்தா 4 சதவீதம். அந்த 4 சதவீதத்துக்காகத்தான் எக்ஸ்போவில் ரெண்டாவது மோட்டார், ரெண்டாவது டிரைவர், இன்னும் ரெண்டு எல்டிஆர் எல்லாம். எங்களுக்கு அது வேண்டாம்னு தோணிச்சு.

கண்ணா, கடிகாரமா?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். சூரியன் எங்கே இருக்குன்னு டிராக்கருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வழி. ஒண்ணு, ஒளி உணரிகளை வெச்சுத் தேடுறது. இன்னொண்ணு, மணி பார்த்துக் கணக்குப் போடுறது.

தேடுற வழியில் ரெண்டு எல்டிஆருக்கு நடுவில் ஒரு சின்ன தடுப்புச் சுவர் இருக்கும். சூரியன் நேரா இருந்தா ரெண்டு மேலயும் ஒரே வெளிச்சம். விலகினா ஒண்ணு மேல நிழல் விழும். அந்த வித்தியாசம் சரியாகிற வரைக்கும் மோட்டாரைச் சுத்து. இதில் பல பேர் சிக்கிக்கிற ஒரு இடத்தைச் சொல்லியே ஆகணும். ரூமுக்குள்ள டார்ச்சுக்கு அருமையா வேலை செய்யற சர்க்யூட், மாடியில் மக்கர் பண்ணும். காரணம் இதுதான். ஒவ்வொரு எல்டிஆருக்கும் தனித்தனியா 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, ரெண்டு அனலாக் பின்னில் படிக்கிறது வழக்கம். நேரடி வெயிலில் எல்டிஆரோட மின்தடை 100 ஓம் பக்கத்தில் போயிடும். ஒண்ணு 100, இன்னொண்ணு 150 ஓம்னு வைங்க. 5 வோல்ட் சப்ளையில் ஒரு பின்னில் 4.95, இன்னொரு பின்னில் 4.93 வோல்ட் வரும். ஆர்டுயினோவோட 10 பிட் ஏடிசியில் இது ஒரு 5 எண் வித்தியாசம். சத்தத்திலேயே காணாமப் போயிடும்.

அந்த ரெசிஸ்டர்களைத் தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு எல்டிஆரையும் ஒண்ணு மேல ஒண்ணா தொடரா இணைச்சு, நடுப்புள்ளியை மட்டும் படிங்க. அதே 100, 150 ஓமுக்கு நடுப்புள்ளி 2.5 வோல்டுக்குப் பதிலா 2 வோல்டாகவோ 3 வோல்டாகவோ இருக்கும். 100 எண் வித்தியாசம்! வெயில் கூடினாலும் குறைஞ்சாலும், ரெண்டும் சமமா இருந்தா எப்பவும் பாதி வோல்டேஜ். ஒரு பின்னும் மிச்சம். மேலே ஒரு பட்டர் பேப்பர் ஒட்டி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சா எல்டிஆர் சூடாகாமலும் இருக்கும். மைக்ரோகன்ட்ரோலரே வேண்டாம்னா, இந்த நடுப்புள்ளியை ஒரு எல்எம்358-ல் இருக்கிற ரெண்டு ஆப்-ஆம்புக்கும் கொடுத்து, மேல் எல்லை ஒண்ணு, கீழ் எல்லை ஒண்ணு வெச்சா, நடுவில் மோட்டார் சும்மா இருக்கிற ஒரு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி இல்லேன்னா மோட்டார் நாள் முழுக்க முன்னும் பின்னும் நடுங்கிட்டே இருக்கும்.

சர்க்யூட் இப்படி ஒழுங்கா இருந்தும் இந்த வழியில் ஒரு குறை மிஞ்சுது, அது எலக்ட்ரானிக்ஸில் இல்லை, வானத்தில் இருக்கு. எல்டிஆருக்குத் தெரிஞ்சது சூரியன் இல்லை, அதிக வெளிச்சம். மேகம் மறைச்சா, மேகத்தோட வெளுத்த ஓரத்தைப் பார்த்துத் திரும்பும். எதிர் மாடியில் வெள்ளை அடிச்ச தண்ணி டேங்க் பளிச்சுன்னு இருந்தா அதைப் பார்க்கும். கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடம் இருந்தா அதையும். மேகம் விலகினதும் மறுபடி ஓடி வரும். ராத்திரி பக்கத்து ஃபிளாட் மொட்டை மாடி லைட் எரிஞ்சா, ராத்திரி பூரா அதைக் கும்பிட்டுட்டு நிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பேட்டரியிலிருந்து கரண்ட் போகுது.

கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மேகத்துக்குப் பின்னாடியும் சூரியன் மணிக்கு 15 டிகிரிதான் போகுது. இதுக்கு நம்ம ஊரிலேயே பழைய சாட்சி இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வெச்சிருக்காங்க. அங்கே இருக்கிற சுரங்க டெலஸ்கோப் அசையாது. வெளியே 60 செ.மீ. அகலக் கண்ணாடி ஒண்ணு சூரியனோடு திரும்பி, வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். சீலோஸ்டாட்னு பேர். கண்ணாடியில் பட்டுத் திரும்புற ஒளி கண்ணாடியைப் போல ரெண்டு மடங்கு கோணம் திரும்பும்ங்கிறதால, அந்தக் கண்ணாடி சூரியனோட பாதி வேகத்தில் சுத்தினா போதும், 48 மணி நேரத்துக்கு ஒரு சுத்து. அதோட அச்சும் பூமியோட அச்சுக்கு இணைதான், நம்ம மாடிக் குழாய் மாதிரியே.

கொடைக்கானல் ஆய்வகத்தோட தாய்வீடு கோபாலபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பல பேருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இப்போ வானிலை மையம் இருக்கிற வளாகத்தில்தான் 1792-ல் மெட்ராஸ் வான் ஆய்வகம் கட்டினாங்க. அப்போ நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கே நிக்குது. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் மெட்ராஸோட தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னே இருக்குன்னு சொன்னார். அதுதான் மெட்ராஸ் டைம். ரயில்வேக்கள் ரொம்ப நாள் அந்த மணியைத்தான் நாடு முழுக்க வெச்சிருந்தாங்க. 1906-ல் இந்திய நேரம் வந்தப்போ கடிகாரம் 5 மணி 30 நிமிஷத்துக்குப் போச்சு, ஆனா சூரியன் போகலை. அதனால நம்ம கைக்கடிகாரத்தில் 12 ஆகும்போது சூரியனுக்கு இன்னும் 9 நிமிஷம் பாக்கி. டிராக்கருக்கு வேண்டியது இந்த மெட்ராஸ் டைம்தான். கோடில் 9 நிமிஷத்தைக் கழிச்சா வேலை முடிஞ்சுது.

முழுசா முடியலைன்னு டெக்ஸ்ட் புக் படிச்சவங்க சொல்வீங்க. பூமியோட பாதை நீள்வட்டம், அச்சு வேற சாய்வு. அதனால சூரியன் உச்சம் தொடுற நேரம் பிப்ரவரி நடுவில் 12:23 வரை தள்ளிப் போகும், நவம்பர் ஆரம்பத்தில் 11:53-க்கே வந்திடும். இதுக்குச் சமன்பாடு இருக்கு, பத்து வரி கோடு. போடணுமா? அதிகபட்சப் பிழை 16 நிமிஷம், அதாவது 4 டிகிரி. 4 டிகிரியோட கொசைன் 0.9975. கால் சதவீதம் நஷ்டம். நான் போடலை.

கொசைன் நமக்குத் தர்ற பெரிய சலுகை இது. 5 டிகிரி தவறினா அரை சதவீதம் கூடப் போகாது. 10 டிகிரிக்கு ஒன்றரை சதவீதம். 20 டிகிரிக்கு 6. அப்போ சூரியனைத் தொடர்ந்து துரத்துறதுக்கு அவசியமே இல்லை. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 5 டிகிரி தள்ளினா ஏராளம்.

இன்னும் கொஞ்சம் சோம்பேறியா யோசிச்சுப் பார்ப்போம். நாள் முழுக்க மூணே நிலை: காலையில் கிழக்கே 60 டிகிரி, நடுவில் நேர், மாலையில் மேற்கே 60. ஒவ்வொண்ணும் 4 மணி நேரம். அந்தக் காற்றில்லாக் கணக்கில் இது 11.46 மணி நேர முழு வெயில் தருது. நிலையான பேனலுக்கு 7.64, ஒரு நொடி விடாம துரத்துற டிராக்கருக்கு 12. அதாவது மொத்த லாபத்தில் 88 சதவீதம் மூணு நிலையிலேயே வந்திடுது! மோட்டாரே வேண்டாம். காலை 10 மணிக்கு ஒருத்தர் மாடிக்குப் போய்த் திருப்பணும், மதியம் 2 மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் மறுபடி கிழக்கே. வத்தல் காயப் போட்டுட்டு நிழல் வர வர முறத்தை நகர்த்துற பாட்டிங்க இதைத்தான் பண்ணிட்டு இருக்காங்க. விவசாய சோலார் பம்புகளுக்கு மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வகுத்த விதிமுறையிலும் இது இருக்கு: தானியங்கி டிராக்கர் இல்லேன்னா, பேனலை ஒரு நாளைக்கு மூணு தடவை கையால் திருப்புற வசதி இருக்கணும்.

மாடியில் வெச்சது

மோட்டாரைப் புதுப்பேட்டையில் பிடிச்சோம். பழைய கார் வைப்பர் மோட்டார், 12 வோல்ட். உள்ளே புழுச்சக்கரம் இருக்கிறதால பலம் ஜாஸ்தி, ஆனா நிமிஷத்துக்கு 50 சுத்து வாக்கில் ஓடும், நேரா பேனலைத் திருப்ப அது ரொம்ப வேகம். அதனால அதில் 12 மி.மீ. மரை கம்பியை மாட்டிட்டோம். ஒரு சுத்துக்கு நட்டு 1.75 மி.மீ. நகரும், அப்போ நிமிஷத்துக்கு ஒரு 9 செ.மீ. நட்டு பேனல் சட்டத்தில் 25 செ.மீ. கைப்பிடியில் ஆடுற மாதிரி வெல்டிங். கிழக்கே 50 டிகிரியிலிருந்து மேற்கே 50 டிகிரி வரைக்கும் போக 38 செ.மீ. ஓட்டம். மரையோட நல்ல குணம், மோட்டாருக்குக் கரண்ட் இல்லேன்னாலும் காத்து பேனலைத் தள்ளித் திருப்ப முடியாது. சர்வோ மோட்டார் அப்படியில்லை, சும்மா நிக்கவும் அது கரண்ட் கேட்கும்.

மோட்டாரை ரெண்டு பக்கமும் சுத்த ரெண்டு ரிலே. எக்ஸ்போவில் எல்லாரும் வைக்கிற எல்298 போர்டு வைப்பர் மோட்டாருக்குத் தாங்காது. ரெண்டு ரிலேயும் அணைஞ்சிருந்தா மோட்டாரோட ரெண்டு முனையும் ஒண்ணா சேர்ந்து பிரேக் மாதிரி நிக்கும், அப்போ செலவும் பூஜ்யம். மணிக்கு டிஎஸ்3231 கடிகார மாட்யூல். வருஷத்துக்கு ஒரு நிமிஷம் வாக்கில்தான் தவறும். கோணம் தெரிய எம்பியு6050 போர்டைப் பேனல் முதுகில் ஒட்டிட்டோம். புவியீர்ப்பு எந்தப் பக்கம்னு அது சொல்லும், அதிலிருந்து சாய்வு தெரிஞ்சிடும். எல்லாமே ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். ரெண்டு முனையிலும் லிமிட் சுவிட்சை மோட்டார் வயரிலேயே டயோடோட போடுங்க, கோடில் போடாதீங்க. கோடு தொங்கிப் போனாலும் மோட்டார் நிக்கணும்.

மூடின வானத்துக்கு ஒரு வரி சேர்த்தோம். 50 டிகிரி சாஞ்ச பேனல் வானத்தில் 82 சதவீதத்தைத்தான் பார்க்கும். மட்டமா இருந்தா முழு வானத்தையும். அதனால பேனல் கரண்ட் ஒரு அளவுக்குக் கீழே தொடர்ந்து இருந்தா, போய் நண்பகல் நிலையில் நில்லு. ஐப்பசி, கார்த்திகையில் டிராக்கர் பெரும்பாலும் இப்படித்தான் நிக்கும்.

இப்போ ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. ஆர்டுயினோ ஊனோ போர்டு சும்மா இருந்தாலே 50 மில்லிஆம்ப் வாக்கில் இழுக்கும். 12 வோல்டில் 24 மணி நேரத்துக்கு 14 வாட் ஹவர். எக்ஸ்போவில் இருக்கிறது 10 வாட் பேனல்னே வைங்க. சென்னையில் நாளைக்கு 5 மணி நேர முழு வெயில்னு எடுத்தா 50 வாட் ஹவர் வரும். அதில் டிராக்கரோட லாபம் 15 சதவீதம், ஏழரை வாட் ஹவர். மூளை மட்டுமே அதைப் போல ரெண்டு மடங்கு தின்னுடுது, சர்வோ கணக்கு இன்னும் வரலை. அந்த டிராக்கரைக் கழட்டிட்டு பேனலைத் தரையில் வெச்சா கரண்ட் அதிகமா வரும்!

எங்களுது 100 வாட் பேனல். லாபம் 75 வாட் ஹவர். மோட்டார் நாளைக்கு 9 நிமிஷம், 2 ஆம்பியர்னு வெச்சா மூணரை வாட் ஹவர். ஊனோவுக்குப் பதிலா வெறும் ஏடிமெகா328 சிப்பைத் தூங்க வெச்சு, கடிகாரத்தோட அலாரம் பின் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்புற மாதிரி பண்ணினா மூளைக்கான செலவு கணக்கிலேயே வராது. மிச்சம் 70 வாட் ஹவர். 9 வாட் எல்ஈடி பல்பு ஒண்ணு ஏழெட்டு மணி நேரம் எரியும்.

பணத்திலும் இதே மாதிரி பார்க்கணும். 100 வாட்டில் 15 சதவீதம்னா 15 வாட் பேனலுக்குச் சமம். வாட்டுக்கு 40 ரூபாய்னு வெச்சாலும் 600 ரூபாய். 600 ரூபாய்க்குள்ள மோட்டார், இரும்பு, வெல்டிங், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் முடிக்க முடியாது. மாடியில் இடம் இருந்தா இன்னொரு பேனல் வாங்கி வைக்கிறதுதான் மலிவு. வீட்டு ஓனர் யாராவது உங்க ப்ராஜெக்டைப் பார்த்துட்டு 'நமக்கும் ஒண்ணு போட்டுக் கொடுப்பா'ன்னு கேட்டா இதைத்தான் சொல்லணும். பெரிய சோலார் நிலையங்களில் இது கட்டுப்படியாகுறதுக்குக் காரணம், ஒரே மோட்டார் ஒரு நீள வரிசை முழுக்கத் திருப்புது. பம்புக்குக் கட்டுப்படியாகுறது வேற காரணத்துக்கு: வெயில் ஒரு அளவுக்கு ஏறினாத்தான் பம்பு தண்ணி தூக்கும். டிராக்கர் இருந்தா அந்த அளவு காலையில் சீக்கிரமே வந்து மாலை வரை நிக்கும்.

கண்ணாடியால் வெயிலைக் குவிக்கிற இடத்தில் மட்டும் இந்த லாப நஷ்டப் பேச்சே கிடையாது. அங்கே சூரியனைத் தொடரலேன்னா ஒண்ணுமே வராது. ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கு, அதில் வர்ற நீராவியில் சமையல். அவ்வளவு பெரிய கிண்ணத்தைத் திருப்ப முடியுமா? திருப்பலை. கோள வடிவக் கண்ணாடிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வந்தாலும் குவியம் ஒரு கோட்டில் விழும். அந்தக் கோட்டில் நிக்கிற கொதிகலனை மட்டும் கம்ப்யூட்டர் நகர்த்துது. போனா மாடி ஏறிப் பார்த்துட்டு வாங்க.

உங்க டிராக்கரை அளக்கணும்னா பேட்டரி சார்ஜ் ஆன கணக்கை வெச்சு அளக்காதீங்க. பேட்டரி நிரம்பினதும் கன்ட்ரோலர் கரண்டை வெட்டிடும், அதுக்கப்புறம் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ரெண்டு ஒரே மாதிரி 10 வாட் பேனல் வாங்குங்க. ஒண்ணை டிராக்கர் சட்டத்தில், ஒண்ணைத் தெற்குப் பார்த்து 13 டிகிரியில். ரெண்டையும் ஐஎன்ஏ219 சென்சார் வழியா ஷார்ட் பண்ணிடுங்க. ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும், வேற எதுவும் அதைக் குழப்பாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எஸ்டி கார்டில் எழுதி வைங்க. ரிவ்யூவுக்கு முந்தின நாள் எடுத்த ஒரு வெயில் நாளை மட்டும் காட்டாதீங்க. மேயில் ஒரு வாரமும் நவம்பரில் ஒரு வாரமும் இருந்தாத்தான் சென்னை வானம் அதில் இருக்கு.

காத்துக்கு ஒரு ஏற்பாடு கட்டாயம். 100 வாட் பேனலோட பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மணிக்கு 100 கி.மீ. காத்து அதில் நேரா அடிச்சா 30 கிலோ எடை தள்ளுற மாதிரி. 2016 டிசம்பரில் வர்தா வந்தப்போ நம்ம தெருவில் எத்தனை மரம் விழுந்துச்சுன்னு வீட்டில் கேளுங்க. புயல் எச்சரிக்கை வந்தா பேனலை நடுநிலைக்குக் கொண்டு வந்து, சட்டத்துக்கும் காலுக்கும் சேர்த்து ஒரு 10 மி.மீ. போல்ட் சொருகிடணும், பேட்டரி வயரையும் கழட்டிடணும். மெரினா ரெண்டு மூணு கி.மீ. தூரத்தில் இருக்கிறதால உப்புக் காத்து வேற. போல்ட் நட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கட்டும், மரை கம்பிக்கு மாசம் ஒரு தடவை கிரீஸ்.